தலைவர்களே, பழைய கணக்கைக் காட்டுங்கள்!

(மாக் மண்டின் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த களைப்போடும், வீட்டு வேலையைப் பாதியில் விட்டும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் ஒருவர் அரசாங்கத்திடம் ஓர் உதவி கேட்டுப் போனால் என்ன நடக்கிறது? அடையாள அட்டையைக் காட்டு என்பார்கள். பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, மின்சார பில் எல்லாம் கேட்பார்கள். சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு அலையும் நம் முதியவர்களைப் பாருங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தாய், யார் சாட்சி, எந்த ஆண்டு என்று ஐம்பது, அறுபது வருடத்துப் பழைய தாளைக் கேட்கிறார்கள். அந்தத் தோட்டமே இன்று இருக்காது. இருந்தாலும் தாளைக் கொண்டு வா என்கிறார்கள்.

ஏழையின் கடந்த காலம் முழுவதும் தாளில் இருக்க வேண்டும். ஆனால் நம்மை ஆள வருகிறவரின் கடந்த காலத்தைப் பற்றி ஒரே ஒரு தாளைக் கேட்டுப் பாருங்கள். "அது இரகசியம்", "அது பழைய கதை", "அரசியல் நோக்கத்தோடு கேட்கிறீர்கள்" என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கும். இன்று நான் பேச வந்தது இந்த மூன்று பதில்களைப் பற்றித்தான்.

முதலில் நம் சொந்த வீட்டுக் கதையிலிருந்து தொடங்குவோம்.

மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற பெயரை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1982-இல் ம.இ.கா. தலைமையின் முயற்சியில் அந்த நிறுவனம் உருவானது. இந்தியர்களுக்கும் நாட்டின் பொருளாதாரத்தில் பங்கு வேண்டும் என்றார்கள். நல்ல நோக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. சுமார் 66 ஆயிரம் பேர் பங்கு வாங்கினார்கள். பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் பணம் சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டியவர்களும், செம்பனைக் குலை சுமந்தவர்களும், சாலை போட்டவர்களும், ரயில்வேயில் உழைத்தவர்களும்தான். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. கடன் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. சமுதாயம் கேட்டது, கொடுத்தார்கள்.

1990-இல் டெலிகோம் மலேசியா நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது நிதி அமைச்சு மைக்காவுக்கு ஒரு கோடி பங்குகளை ஒதுக்கியது. அன்றைய ஒதுக்கீட்டு விலையில் அதன் மதிப்பு ஐந்து கோடி வெள்ளி. அது ஒரு பெரிய வாய்ப்பு. ஆனால் மைக்காவுக்கு வந்து சேர்ந்தது பத்து லட்சம் பங்குகள் மட்டுமே. மீதி 90 லட்சம் பங்குகள் வேறு மூன்று தனியார் நிறுவனங்களுக்குப் போயின.

இது 1992-இல்தான் வெளியே வந்தது. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் இதை விடாமல் கேட்டார். அவ்வளவு பங்குகளையும் வாங்க மைக்காவிடம் பணம் இல்லை, சமுதாயத்தின் கல்விப் பணிக்காகவே அந்த ஏற்பாடு செய்யப்பட்டது என்று அன்றைய ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு தரப்பில் விளக்கம் சொன்னார்கள். வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, முழுவதையும் வாங்கியிருக்கலாம் என்று மைக்காவின் முன்னாள் நிர்வாகிகள் தரப்பில் சொன்னார்கள். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. யார் மீதும் வழக்குப் போடவில்லை. கதை அங்கேயே நின்றுவிட்டது.

பெருமக்களே, இங்கே கவனமாகக் கேளுங்கள். யாரையும் திருடன் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. நீதிமன்றம் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. சாமிவேலு அவர்கள் 2022-இல் காலமாகிவிட்டார். அவர் நமக்குச் செய்த நன்மைகளை நினைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர் மீது கோபம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை நாம் இங்கே உட்கார்ந்து தீர்க்க முடியாது.

ஏன் தீர்க்க முடியாது? தாள் நம் கையில் இல்லை! ஒதுக்கீட்டுக் கடிதம், மைக்கா வாரியக் கூட்டக் குறிப்பு, வங்கிக் கடிதம், பங்கு விற்ற கணக்கு, விசாரணைக் கோப்பு ஆகிய இவற்றை 1992-லேயே 66 ஆயிரம் பங்குதாரர்கள் முன்னால் வைத்திருந்தால் ஒரே வாரத்தில் விஷயம் முடிந்திருக்கும். தவறு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். நடக்கவில்லை என்றால் அதுவும் தெரிந்திருக்கும், அவர் பெயரும் சுத்தமாகியிருக்கும். தாள் வராததால் முப்பது வருடமாகக் காப்பிக் கடையில் ஒரு தரப்பு திட்டுகிறது, இன்னொரு தரப்பு பரிந்து பேசுகிறது. இரண்டு தரப்பிடமும் ஆதாரம் இல்லை.

மைக்கா என்ன ஆனது? பல வருட இழுபறிக்குப் பிறகு 2010-இல் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளி போட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தவருக்கு 80 காசு. அதையாவது வாங்கினோமே என்று வாங்கிக்கொண்டார்கள். போட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பெரியவர்கள். நாம் அளக்காமல் போட்டோம். போட்ட பிறகும் அளவைக் கேட்கவில்லை.

இப்போது முதல் பதிலைப் பார்ப்போம். "அது இரகசியம்."

இந்த நாட்டில் 1972-இல் வந்த அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது. எதிரி நாட்டுக்கு இராணுவ இரகசியம் போகாமல் காப்பதற்கு ஒரு சட்டம் வேண்டும்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் அட்டவணையில் அமைச்சரவைத் தாள்களும் மாநில ஆட்சிக்குழுத் தாள்களும் அடங்கும். 1986-இல் செய்த திருத்தத்தின்படி இரகசியத்தை வெளியிட்டவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. ஒரு தாள் இரகசியம் என்று அதிகாரி சான்றிதழ் கொடுத்துவிட்டால் அதுவே முடிவு. எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்தின் 16ஏ பிரிவு சொல்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

1999-இல் கெஅடிலான் இளைஞர் தலைவர் எசாம் முகமட் நோர் சில ஊழல் தடுப்பு விசாரணைத் தாள்களைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்தார். அன்றைய அமைச்சர் ரஃபிடா அசிஸ், மலாக்காவின் முன்னாள் முதலமைச்சர் ரஹிம் தம்பி சிக் ஆகியோர் தொடர்பான தாள்கள் அவை. அந்த இருவரும் தண்டனை பெறவில்லை. தாளைக் காட்டியவருக்குத்தான் 2002-இல் இரண்டு ஆண்டு சிறை விதித்தார்கள்! 2004-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அடுத்தது உங்களுக்கெல்லாம் தெரிந்த 1எம்டிபி விவகாரம். அதன் தணிக்கை அறிக்கையை 2016-இல் இரகசியம் என்று பூட்டினார்கள். அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தை வைத்திருந்து வெளியிட்டார் என்று ரஃபிசி ரம்லிக்கு அதே ஆண்டு 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் சிறை செல்லாமல் நன்னடத்தை உறுதியோடு விடுபட்டார். 2018 மே 9-ஆம் தேதி ஆட்சி மாறியது. மே 15-ஆம் தேதி அந்த அறிக்கையின் இரகசியம் நீக்கப்பட்டது.

ஆறே நாட்கள்! நாடு உடைந்து போகவில்லை. எதிரிப் படை வரவில்லை. அந்தத் தாளைப் பூட்டியது யாரைக் காப்பாற்ற என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது பதில்: "அது பழைய கதை, அதைக் கிளறாதே."

பழைய கதையின் விளைவு புதிய தலைமுறையின் தலையில்தான் விழுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து, பால் கறந்து வாழ்ந்த தமிழர்களின் கிராமம். அந்த நிலத்தை அரசு ஊழியர் கூட்டுறவுக் கழகத்துக்குக் கொடுக்கும் முடிவு தேசிய முன்னணியின் மாநில ஆட்சிக் காலத்தில் எடுக்கப்பட்டது. உரிமை மாற்றம் 2008 மார்ச்சில், புதிய ஆட்சி வந்த சில நாட்களில் நடந்து முடிந்தது. 2009-இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிட்டது. அதே ஆண்டு வீடுகள் இடிக்கப்பட்டன.

அன்று பழைய ஆட்சி புதிய ஆட்சியைக் குற்றம் சொன்னது. புதிய ஆட்சி பழைய ஆட்சியைக் குற்றம் சொன்னது. நடுவில் நின்றவர்கள் மாட்டுக் கொட்டகையை இழந்த நம் மக்கள். நிலம் கைமாறும் முடிவு எடுத்த அன்றே அந்த ஆட்சிக்குழுத் தாள் கிராமத்தாருக்குக் கிடைத்திருந்தால், அவர்கள் போராடுவதற்குப் பல வருட அவகாசம் இருந்திருக்கும். புல்டோசர் வாசலில் நிற்கும்போது தாளைப் பார்த்து என்ன பயன்?

நம் நாட்டின் பழைய கதையை லண்டனில் போய்ப் படிக்க வேண்டிய நிலையும் வந்தது. 1969 மே 13 கலவரத்தைப் பற்றி டாக்டர் குவா கியா சூங் 2007-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு ஆதாரம் கிடைத்தது பிரிட்டிஷ் அரசாங்கம் கால வரம்பு முடிந்து திறந்துவிட்ட ஆவணங்களிலிருந்து. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் தன் கோப்பைத் திறந்து வைத்தான். நம் மண்ணில் அந்த நூலின் பிரதிகளைக் கடையிலிருந்து அதிகாரிகள் எடுத்துச் சென்றார்கள்!

மூன்றாவது பதில்: "அரசியல் நோக்கத்தோடு கேட்கிறீர்கள்."

கேட்பவனின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். தாளில் இருப்பது மாறப் போவதில்லையே! மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவைப் பாருங்கள். பிரதமர் நரேந்திர மோடியின் பட்டப்படிப்பு குறித்துக் கேள்வி எழுந்தபோது, 2016-இல் பா.ஜ.க. தலைவர்கள் சான்றிதழ் நகல்களைப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார்கள். அதே ஆண்டு இறுதியில் டில்லிப் பல்கலைக்கழகத்தின் 1978-ஆம் ஆண்டுப் பதிவேட்டைப் பார்க்க அனுமதிக்கும்படி மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. பல்கலைக்கழகம் நீதிமன்றம் போனது. 2025 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம் அது தனிப்பட்ட தகவல் என்று சொல்லி உத்தரவை இரத்து செய்தது. ஒரு பக்கப் பதிவேட்டுக்காக எட்டரை வருட வழக்கு! ஒரே நாளில் ஏட்டைத் திறந்து காட்டியிருந்தால் வாயடைத்துப் போயிருக்கும்.

ஆனால் அதே இந்தியாவில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. ராஜஸ்தானில் 1990-களில் கூலித் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அரசாங்க வேலைக்கான வருகைப் பதிவேட்டையும் பில்களையும் காட்டு என்று கேட்டார்கள். ஊர் நடுவில் பந்தல் போட்டு, கணக்கைச் சத்தமாகப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பணம் என்று எல்லாம் வெளியே வந்தது. நம் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி ஏடுதான் அதுவும். அங்கே தொடங்கிய போராட்டம் பரவித்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு கூலித் தொழிலாளி அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம். அதோடு, தேர்தலில் நிற்பவர் தன் சொத்து, கடன், படிப்பு, தன் மீதுள்ள குற்ற வழக்கு எல்லாவற்றையும் சத்தியப் பத்திரமாக எழுதித் தர வேண்டும் என்று 2002-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படித்தவர்களும் வழக்கறிஞர்களும் மட்டும் செய்த காரியம் இல்லை இது. நம்மைப் போல் கூலிக்குப் போகிறவர்கள் தொடங்கியது.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? 2019 ஜூலையில் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எல்லா நாடாளுமன்ற உறுப்பினர்களும் சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும் என்பது அது. நல்ல தொடக்கம். ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. ஆட்சி மாறினால் தீர்மானத்தின் உயிர் போய்விடும்.

நம் பினாங்கு மாநிலம் 2011-இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015-இல் அது நடப்புக்கு வந்தது. சிலாங்கூரும் 2011-இல் இதே போன்ற சட்டம் கொண்டு வந்தது. மாநில இலாகாக்களிடம் தகவல் கேட்டு நீங்கள் விண்ணப்பம் போடலாம். ஆனால் கூட்டரசு இலாகாக்களை அது கட்டுப்படுத்தாது. இரகசியம் என்று முத்திரை குத்திய தாளையும் அதை வைத்து வாங்க முடியாது. கதவு பாதி திறந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பாதிக் கதவை நம்மில் எத்தனை பேர் தட்டியிருக்கிறோம்?

சரி, நாம் என்ன செய்யலாம்? வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, திறந்திருக்கும் ஏட்டை முதலில் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் இயக்குநர் யார், பங்குதாரர் யார் என்பதை மலேசிய நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டி எவரும் எடுக்கலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் தேடல் மனு போட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் குடியிருக்கும் நிலம், உங்கள் கோயில் நிலம், பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி நிலம் ஆகிய மூன்றும் யார் பெயரில் இருக்கின்றன என்பதை இந்த ஆண்டுக்குள் பார்த்து வையுங்கள். பிரச்சினை வந்த பிறகு பார்க்காதீர்கள்.

இரண்டு, நம் வீட்டுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பங்குச் சான்றிதழ், கூட்டுறவுச் சங்கப் புத்தகம், ரசீது எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் மறைத்தால்கூட நம்மிடம் ஒரு பாதி இருக்கட்டும்.

மூன்று, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். பதவிக்கு வருமுன் உங்கள் சொத்து என்ன, இப்போது என்ன? எந்தெந்த நிறுவனத்தில் நீங்களோ குடும்பத்தாரோ இருக்கிறீர்கள், இருந்தீர்கள்? சமுதாயத்தின் பெயரில் வந்த மானியமும் பங்கும் உங்கள் கையால் யாருக்குப் போனது? உங்கள் காலத்தில் நம் நிலத்தைப் பற்றி எடுத்த முடிவுகளின் தாளைத் திறப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கை குலுக்கலும் அரிசி மூட்டையும் பதில் ஆகாது.

நான்கு, இந்தக் கேள்வியை நமக்குப் பிடித்த தலைவரிடமும் கேளுங்கள். இதுதான் கஷ்டம். எதிர்க்கட்சிக்காரனின் கோப்பைத் திற என்று கத்துவது சுலபம். நம் ஆள் என்று வரும்போது, "பாவம், அவரைப் போய்க் கேட்பதா" என்று வாயை மூடிக்கொள்கிறோம். மைக்காவில் நாம் ஏமாந்ததே அந்த இடத்தில்தான். நம் இனத் தலைவரைக் கணக்குக் கேட்பது அவமரியாதை என்று நினைத்தோம். எதிர்க்கட்சியில் இருக்கும்போது இரகசியச் சட்டத்தைத் திட்டியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதே சட்டத்தின் கீழ் உட்கார்ந்துகொள்வதையும் பார்த்துவிட்டோம். ஆகவே யார் வந்தாலும் கேள்வி ஒன்றாக இருக்கட்டும்.

ஐந்து, நம் கோயில், நம் சங்கம், நம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, ரசீது எங்கே? பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் சங்கப் பதிவு இலாகாவுக்கு அறிக்கை அனுப்பியே ஆக வேண்டும். சின்ன இடத்தில் கணக்குக் கேட்டுப் பழகாத சமுதாயம் பெரிய இடத்தில் கேட்க வாய் திறக்காது. சின்ன இடத்தில் கணக்குக் காட்டிப் பழகாதவர்தான் நாளைக்கு நம் தலைவராக வந்து நிற்கிறார்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் படிப்பு குறைவு. ஆங்கிலத்திலும் மலாயிலும் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடி அலைந்தார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. மூன்று மொழி தெரியும், கையில் போன் இருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுத அரை மணி நேரம் போதும். நம் தெருவுக்கு இருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால் மாக் மண்டின் முழுவதையும் பார்த்துவிடலாம்.

தலைவர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஐயா, நாங்கள் உங்களைச் சிறைக்கு அனுப்பத் துடிக்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி வாங்கியது என்ன, எங்கள் பெயரில் கொடுத்தது என்ன, மீதி எங்கே என்றுதான் கேட்கிறோம். நீங்கள் உயிரோடு, பதவியோடு இருக்கும்போதே கோப்பைத் திறந்து காட்டுங்கள். நீங்கள் போன பிறகு உங்களுக்காகப் பேச அந்தத் தாள் ஒன்றுதான் மிஞ்சும். அதைப் பூட்டி வைத்தால் உங்கள் பிள்ளைகள்தான் வாழ்நாள் முழுக்க ஊர்ப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பெருமக்களே, அடுத்த வாரமே இங்கிருந்து ஐந்து பேர் நில அலுவலகம் போவோம். கோயில் நிலத்தில் தொடங்குவோம். யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.